பூந்திக்கொட்டைத் தண்ணீர்

ராயபுரத்தில் நான் குடியிருந்த வீட்டின் பின்கட்டில் அந்த அம்மாள் இருந்தார். ஒல்லியான உடம்பு, விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியிருக்கும். கணவருக்குத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் வேலை. அவர் குளிப்பதற்காக அந்த அம்மாள் தினமும் பூந்திக்கொட்டையை நசுக்கி, வேப்பிலையோடு கொதிக்கவைத்து, நுரையோடு வடிகட்டி வைப்பார்.

ஒரு மதியம் அந்தக் கணவரைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள். கயிறு அறுந்து கரிக்கூடை மேலே விழுந்துவிட்டதாம். உடம்பெல்லாம் கரி. சீக்கிரம் எடுத்துவிடலாம் என்றார்கள் கூட வேலை செய்தவர்கள்.

"இப்டியே அனுப்ப மாட்டேன். இருங்க," என்று சொல்லி அந்த அம்மாள் அடுப்பை மூட்டினார்.

கொட்டை வேக நேரமாகுமே என்று நான் உள்ளே போய்ப் புதுச் சோப்பு ஒன்றை எடுத்து வந்து நீட்டினேன்.

"அத்து வாணாம் சார்," என்றார் என்னைப் பார்க்காமல். "கரி அறுத்த தோலு. சோப்பு போட்டா அவருக்கு எரியும்."

காத்திருந்தோம்.

தண்ணீரை இறக்கியதும் கொஞ்சம் தன் புறங்கையில் ஊற்றிச் சூடு பார்த்தார். பொறுக்கவில்லை போலிருக்கிறது. ஆறட்டும் என்று விசிறியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த விசிறலை நான் இன்னும் மறக்கவில்லை.