ஒரு மக் தண்ணீர் அதிகம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் பரணிலிருந்து என் பழைய டேப் ரெக்கார்டரை இறக்கி, என்னைக் கேட்காமல் பிளக்கில் சொருகிவிட்டாள். பின்மூடி எப்போதோ கழன்றுபோன பெட்டி. பட்டென்று ஒரு வெடி. ஓடிப் போனால், கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அறை முழுக்க அந்த வாடை, கெட்ட மீனும் அம்மோனியாவும் கலந்தாற்போல. அவள் கண்ணைக் கழுவும்போதே தெரிந்துவிட்டது. கெப்பாசிட்டர். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் அந்தச் சின்ன டப்பிக்குள் இருக்கும் திரவம்.

அந்த வாடையில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், மதியச் சோறும் அதிலேயேதான். டிப்ளமோ முடித்த கையோடு கும்மிடிப்பூண்டியில் கெப்பாசிட்டர் கம்பெனி. கிளைகால் என்ற ரசாயனத் திரவத்தில் உப்புகளும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சுவார் முனுசாமி அண்ணன். அலுமினியத் தகடும் காகிதமும் சேர்த்துச் சுற்றிய சுருள்களை அதில் ஊறவைப்போம். சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். பெரிய அதிகாரி என்று நினைப்பு.

மார்கழியில் கலவை பாகுபோல ஆகிவிடும், சுருள் ஊற நேரமெடுக்கும். சாயங்கால ரயில் காத்திருக்குமா? அண்ணன் ஒரு மக் தண்ணீர் கூடுதலாக ஊற்றுவார்.

"இன்னாண்ணா, அளவு தாண்டுதே?"

"மீட்டரைப் பாரும்மா, சிரிச்சிகினு கீது. நீ இன்னாத்துக்கு மொறைக்கிற? ட்ரெயினை உட்டா ஊட்ல அவ மொறைப்பா, அது போதும்."

உண்மைதான். தண்ணீர் கூடினால் மின்சாரம் சுலபமாக ஓடும், சோதனையில் எல்லாம் அழகாக வரும். போட்டேன் கையெழுத்து. அதே தண்ணீர் வருடக்கணக்கில் அலுமினியத்தை அரித்து, வாயுவாகி, டப்பியை உள்ளிருந்து உப்பவைக்கும் என்று படித்தவள்தான். படிப்பு அன்றைக்கு எங்கே போயிற்று? ரயிலைப் பிடிக்கத்தான் போயிருக்கும்.

கண்ணுக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். இமை மட்டும் சிவந்திருந்தது.

"எனக்குத்தானேம்மா எரியுது, நீ ஏன் அழுவுற?" என்றாள் மகள்.

வெடித்த டப்பியில் எங்கள் கம்பெனி முத்திரை. மெக்கானிக்கிடம் காட்டினேன். "இத்தினி வருஷம் கரன்டே பாக்காம கெடந்தா நல்ல சரக்கும் வெடிக்கும்க்கா" என்றார். அதுவும் சரிதான். அப்படியானால் காரணம் மார்கழியில் ஊற்றிய அந்த ஒரு மக் தண்ணீரா, பரணில் கிடந்த வருடங்களா? ஒரு மணி நேரம் இது என்கிறது மனசு, அடுத்த மணி நேரம் அது.

நேற்று ரயிலேறிப் போனேன். கம்பெனி இருந்த இடத்தில் டைல்ஸ் கிடங்கு. முனுசாமி அண்ணன் எந்த ஊரில் இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. ஒவ்வொரு கலவையிலும் எடுத்துவைத்த மாதிரிச் சீசாக்கள், நான் கையெழுத்திட்ட அட்டைகள் எல்லாம் போய்விட்டன. நான்தான் என்று காட்டவும், நான் இல்லை என்று காட்டவும் இனி ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.