போனில் கேட்ட எஞ்சின்கள்

எங்கள் ஊரில் காடி என்று சொல்லும் கார் நடுரோட்டில் நின்றுவிட்டால் ஆட்கள் முதலில் பானட்டைத் திறந்து பார்ப்பார்கள், ஒன்றும் புரியாமல் மூடுவார்கள், அதற்கப்புறம்தான் எனக்குப் போன் செய்வார்கள். வாகனக் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் உதவி எண்ணுக்குப் பதில் சொல்வது என் வேலை. அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடி.

வேலைக்குச் சேர்ந்தபோது எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாவியைத் திருப்பினால் ஓடும் என்பதுதான். பக்கத்து நாற்காலியில் இருந்து இழுவை லோரிகளை அனுப்பும் செல்வம் அண்ணன், முன்பு கிள்ளானில் பட்டறை வைத்திருந்தவர். அவர் ஒரு மதியச் சாப்பாட்டுக்குள் பாடத்தை முடித்துவிட்டார். "காத்தையும் பெட்ரோல் எண்ணெயையும் உள்ள இழுக்கும், அமுக்கும், வெடிக்கும், புகையை வெளிய தள்ளும். இதுல எது நடக்கலைன்னு கண்டுபிடிச்சா போதும்." போனிலேயே அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் சொல்லவில்லை. ஹைவே ஓரத்தில் நின்றவர்களும், அப்படி நின்றவர்களின் கோபத்தைக் காதில் வாங்கியவர்களும் என் கஷ்டத்தைப் புரிந்துகொள்வார்கள்.

மி காணோம்

"சத்தம் எப்படி வருது?" என்று கேட்டால் பெரும்பாலும் வெட்கப்படுவார்கள். "ஒரு மாதிரி வருது மிஸ்" என்பார்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது எஞ்சின் மாதிரி கத்திக் காட்ட யாருக்கு மனசு வரும்? ஒருவர் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தயாரானார். கிள்ளானில் இருந்து கோயில் கல்யாணம் ஒன்றுக்கு வந்துகொண்டிருந்த தவில்காரர். "தகதிமி தகதிமின்னு வரணும் மிஸ். தகதி... தகதி...ன்னுதான் வருது. மி விழ மாட்டேங்குது. காடியும் நின்ன இடத்திலேயே ஆடுது."

செல்வம் அண்ணனிடம் அப்படியே சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால் தலையாட்டினார். நாலு சிலிண்டரும் முறை வைத்து வெடிக்க வேண்டும், ஒன்று வெடிக்கவில்லை, பொறி வைக்கும் பிளக்கோ அதற்குக் கரண்டு கொடுக்கும் காயிலோ போயிருக்கும் என்றார். அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் அங்கேயும் கெடுக்குமாம். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. காடி இழுவை லோரியின் முதுகில் ஏறியது. அவரும் தவிலும் முன் சீட்டில் ஏறி, நேராகக் கோயில் வாசலில் போய் இறங்கினார்கள். தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளம் கிடைத்துவிட்டது.

மறுநாள் அவரே கூப்பிட்டார். காயில் மாற்றியாகிவிட்டது. "தாளம் இப்ப சுத்தமா இருக்கு மிஸ். ஆனா சும்மா நிக்கும்போதுகூட கொஞ்சம் துரிதமா வாசிக்குது, அதையும் கேட்டுச் சொல்லுங்க."

பெல்ட்டு

கொஞ்சம் கற்றுக்கொண்டவுடன் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. ரவாங்கில் இருந்து ஒரு அங்கிள், பானட்டுக்குள் கீச்கீச்சென்று சத்தம் வருவதாகச் சொன்னார். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. நான் யோசிக்கவே இல்லை. "பெல்ட்டுதான் அங்கிள். எஞ்சின் சுத்துற சுத்துலதான் அந்த பெல்ட்டு பேட்டரிக்குக் கரண்டு குடுக்கிற ஆல்டர்னேட்டரைச் சுத்தி விடும். பழசாயிட்டா ஈரத்துல வழுக்கும், வழுக்கினா கீச்சுன்னு கத்தும்." எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையேம்மா" என்றார். ஈரம் ஏறிய பெல்ட் சில சமயம் தானாகவும் கத்தும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பானட் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "அம்மா, பெல்ட்டு ஒரு தடவைக்கு எத்தன குட்டி போடும்?"

மாமனாரின் பிக்-அப்

போர்ட் கிள்ளான் பக்கத்து எண்ணெய் நிலையத்தில் இருந்து ஒருவர் கிசுகிசுவென்று பேசினார். "மிஸ், சத்தமா பேச முடியாது. மாமனார் பக்கத்துக் கடையில தே தாரிக் டீ கட்டி வாங்கிக்கிட்டு இருக்காரு." புதிதாகக் கல்யாணம் ஆனவர். மாமனாருடைய டீசல் பிக்-அப்பைக் கழுவித் துடைத்து, எண்ணெய் நிரப்பி நல்ல பேர் வாங்கப் பார்த்திருக்கிறார். பழக்க தோஷத்தில் பெட்ரோலை நிரப்பிவிட்டார்.

"ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?" "இல்ல." "சாவியைத் தொடாதீங்க." டீசல் எஞ்சினில் பொறி வைக்க பிளக் கிடையாது, காற்றை அமுக்கி அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கும். எண்ணெயை அனுப்பும் பம்புக்கு அந்த டீசலேதான் வழவழப்பும். அதில் பெட்ரோல் ஓடினால் உள்ளே இரும்பும் இரும்பும் தேயும். இப்போது நின்றால் டாங்கியைக் காலி செய்து கழுவினால் போதும். ஓடிவிட்டால் பம்பில் இருந்து எல்லாம் மாற்ற வேண்டியதுதான் என்று விளக்கினேன்.

"இல்ல மிஸ், கொஞ்ச தூரம்தானே, வீட்டுக்குப் போயிட்டு அப்புறம்..." என்று அவர் இழுக்கும்போதே கதவு திறக்கும் சத்தம். "மாப்பிள, நவுருங்க, நான் ஓட்டுறேன்" என்று ஒரு கனத்த குரல். "சொல்லிடுங்க, இப்பவே சொல்லிடுங்க" என்று போனில் கெஞ்சினேன். சாவி கிலுங்கியது. அப்போதுதான் "மாமா, பெட்ரோல் அடிச்சிட்டேன்" என்று அழுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

பெரியவர் போனை வாங்கினார். கோபப்படவில்லை. லோரி எங்கே வரும் என்று விசாரித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். "இவரு குடிப்பாரான்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சுத்தாம்மா பொண்ணு குடுத்தேன். காடிக்கு என்ன குடிக்கக் குடுப்பாருன்னு கேக்காம விட்டுட்டேன் லா."

துண்டு

சிரிக்க முடியாத போன் ஒன்றும் வந்தது. மத்தியான வெயிலில், கிள்ளானுக்குப் போகும் ஹைவே ஓரத்தில் ஒரு தம்பதி. கணவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பேசியது மனைவி. சூட்டுமுள் சிவப்பைத் தொட்டுவிட்டது, பானட்டில் இருந்து ஆவி வருகிறது என்றார். "இவரு துண்டைச் சுத்தி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போறாரும்மா. தண்ணி ஊத்தணுமாம்."

வெடிக்கிற சூட்டையெல்லாம் எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் ஆற்றுகிறது. மூடி இருக்கும்வரை அது அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும். கொதிக்கும்போது திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்கும். போனை அவரிடம் கொடுங்கள் என்றேன். வாங்கவில்லை. "நான் காடி ஓட்டும்போது அந்தப் பிள்ளை பிறந்தே இருக்காது" என்று பின்னால் கேட்டது. செல்வம் அண்ணன் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை ஒரு பழைய தழும்பு உண்டு. அது எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை, அன்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஆன்டி, எப்படியாவது நிறுத்துங்க" என்றேன். அந்த அம்மா பதற்றப்படவில்லை. "ஏங்க, அந்தத் துண்டைக் கொஞ்சம் குடுங்க, வேர்த்துக் கொட்டுது" என்றார். அவர் கொடுத்திருக்கிறார். அம்மா அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நிழலில் உட்கார்ந்துவிட்டார். துண்டு இல்லாமல் அந்த மூடியில் கைவைக்க முடியாது. ஐயா கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, அவரும் போய் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்.

லோரிக்காரர் போய்ப் பார்த்ததில், தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருந்தது. நான் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "சூடா இருக்கும்போது தொடக்கூடாது, ஆறினதும் பேசணும். இதைக் காடியை வச்சாம்மா நான் கத்துக்கிட்டேன்?"

சத்தமே இல்லை

போன மாதம் ஒரு இளம்பெண், அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் காடி உயிரே இல்லாமல் நிற்கிறது என்றார். நான் வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தேன். சத்தம்? இல்லை. புகை? இல்லை. எஞ்சின் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? மாற்றியதே இல்லை. அதிர்ச்சியோடு ஏன் என்று கேட்டேன். எஞ்சினே கிடையாது, மின்சாரக் காடி என்றார்.

பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், அதை எழுப்பிவிடும் சின்ன பேட்டரி செத்தால் காடி எழாது என்று செல்வம் அண்ணன் சொல்ல, நான் சொன்னேன். ஆள் அனுப்பி அதை மாற்றிக் கொடுத்தோம். எஞ்சினே இல்லாததால் உங்களுக்குத் தொல்லை கம்மிதானே என்று கேட்டேன். "அது சரி மிஸ். ஆனா பானட்டைத் திறந்து ஏதோ புரிஞ்ச மாதிரி நிக்கக்கூட இதுல வழி இல்லையே."

இத்தனை வருடத்தில் நான் ஒரு எஞ்சினைக்கூடக் கையால் தொட்டதில்லை. ஆனால் போன் செய்பவர்கள் திட்டியதுண்டு, எந்த எஞ்சினும் இதுவரை என்னைத் திட்டியதில்லை என்பதால் இந்தத் தொழிலில் நல்லவர் யார் என்பது எனக்குத் தெரியும்.