‘விட்ட கொப்பு’ என்று ஏன் பெயர் வைத்தார்?

எண்பதுகளின் நடுப்பகுதி. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் நான் வேலை பார்த்தேன். அம்மா இல்லை. அப்பாவும் நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தோம். தம்பி ஹட்டனில் தங்கிப் படித்தான். அவன் ஒரு ஆளாகிவிட்டால் எங்கள் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அவன் ஆளானது வேறு மாதிரி. கூட்டாளிகளோடு கஞ்சா பீடியில் தொடங்கி, கொழும்பிலிருந்து வரும் தூளில் போய் நின்றான். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். லயத்துக்கு வந்தவன் அம்மாவின் தோட்டைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது அப்பா வாசலை விட்டு நகரவில்லை.

“இந்தப் படிய மிதிக்காத. எனக்கு ஒரு பிள்ளதான்,” என்றார்.

சொந்தக்காரர்களும் அப்படியே. அவனுக்கு யாரும் ஒரு வாய் சோறு போடக் கூடாது, அப்போதுதான் புத்தி வரும் என்று பேசி முடிவெடுத்துவிட்டார்கள். தம்பி பஜாரில் பூட்டிய கடைகளின் முன்னால் படுத்துக் கிடந்தான். எனக்கோ சோறு இறங்கவில்லை.

அந்த நாட்களில்தான் பஜார் நூலகத்தில் ஒரு நாவல் கிடைத்தது. போதைக்கு அடிமையான ஒரு பள்ளிக்கூடப் பையனின் கதை என்று சொன்னார்கள். வைத்தியப் புத்தகம் கிடைத்த மாதிரி அள்ளிக்கொண்டு வந்தேன். பெயர் ‘விட்ட கொப்பு’. கதை முழுக்கக் கொழும்பில் நடக்கிறது. எல்லாரும் கைவிட்ட அந்தப் பையனை அவன் சித்தி ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறாள். அவன் ஓரளவு தேறி வரும்போது, கடைசி அத்தியாயத்தில், அவள் பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறாள். எனக்கு வந்ததே கோபம். இவ்வளவு செய்தவள் இப்படியா போவாள்? அதோடு, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை தேடினாலும் கதையில் ஒரு செடி இல்லை, கொப்பும் இல்லை. அச்சகத்தில் அட்டையை மாற்றி ஒட்டிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் லீவு நாளில், மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போனேன். சில வருஷத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. எங்கள் மலையில் செடிகளுக்கு வயது அதிகம். மொத்தமாக வெட்டினால் பட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு செடியிலும் ஒரு கொப்பை மட்டும் இலையோடு விட்டுவிடுவார்கள். செடி அந்த ஒரு கொப்பை வைத்து உயிரைப் பிடித்துக்கொண்டு மறுபடி துளிர்க்கும். பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். அன்று மலை முழுக்க மொட்டைச் செடிகளும் ஒவ்வொன்றிலும் நின்ற ஒற்றைக் கொப்பும் கண்ணில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பெயரை வைத்தவர் எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

அங்கேயே அப்பாவிடம் கேட்டேன். “செடிக்கே ஒரு கொப்ப விடுறீங்க. தம்பிக்கு நான் ஒருத்தி இருந்துட்டுப் போறேன்ப்பா.”

அப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, “போறதுன்னா போ. அவன் கதைய எங்கிட்ட வந்து சொல்லாத,” என்றார். அது போதும் எனக்கு.

தம்பியைக் கூட்டாளிகளிடமிருந்து தூரமாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பிள்ளைக் காம்பராவில் என்னோடு வேலை செய்த ஒரு அக்காவின் உறவுக்காரர் வலப்பனையில் பேக்கரி நடத்தினார். அங்கே சேர்த்துவிட்டேன். முதல் சில நாட்கள் காய்ச்சலும் வாந்தியுமாகத் துடித்தான். கூடவே இருந்தேன். பிறகு லீவு கிடைத்த ஞாயிறுகளில் விடியற்காலையில் பஸ் ஏறி, மலையைச் சுற்றிச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போனதும் முதல் வேலை, அவன் சட்டைப் பையைத் துழாவுவது. கண்ணை விரித்துப் பார்ப்பேன். முதலாளியிடம் தனியாக விசாரிப்பேன். பொலிஸ்காரர் தோற்றுப்போவார். அவன் தேறினான். முகத்தில் சதை பிடித்தது. மாவு பிசைந்து பாண் போடப் பழகிவிட்டான்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு, அவன் என்னை பஸ்ஸுக்குக் கூட்டி வரும்போது தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

“அக்கா, கொஞ்ச நாளைக்கு வராதீங்க. நீங்க வந்து பையத் தடவிட்டுப் போனா, கடையில எல்லாரும் என்னைய ஒரு வாரம் ஒரு மாதிரி பாக்குறாங்க. எனக்கே நான் இன்னும் தூள்காரன்னுதான் தோணுது.”

ஊரே விரட்டியபோது நான் வேண்டும், இப்போது வேண்டாமா? பஸ்ஸில் வழி நெடுக அழுதேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா என்ன ஏதென்று கேட்காமல் ஒரு தோடம்பழத்தை உரித்து என் கையில் வைத்தார்.

மறுநாள் காலையில் பிள்ளைக் காம்பராவுக்குப் போகும் வழியில் கவ்வாத்து மலையைக் கடந்தேன். செடிகளெல்லாம் துளிர்த்துப் பச்சை பிடித்திருந்தன. அப்பாவும் மற்றவர்களும் அன்று விட்ட கொப்புகளை ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். துளிர் வந்த பிறகு அதை நிறுத்தி வைத்தால் புதுசு சரியாக வளராது. இதுவும் எங்களுக்குத் தெரிந்த வேலைதான். பெட்டியைக் கட்டிக்கொண்டு போன அந்தச் சித்தியை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தலைப்பில் பாதியைத்தான் நான் அதுவரை படித்திருந்தேன்.

தம்பி இன்று சொந்தமாகப் பேக்கரி வைத்திருக்கிறான். அவனுக்காக எத்தனையோ முறை பஸ் ஏறியிருக்கிறேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொள்ள, பஸ் ஏறாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேனே அடுத்த லீவு ஞாயிறு, அவனுக்காக நான் செய்ததில் ஆகப் பெரியது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.