ஒதுக்கி வைத்த இரண்டு எழுத்துகள்

இணையப் பெயர்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் பதினாறு வருடம் குப்பை கொட்டியவள் மூத்தவள். அவளுடைய கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த இளையவள் அங்கே சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் இயக்குநர் எதற்கெடுத்தாலும் "சின்னவங்களைக் கூப்பிடுங்க" என்பார். மூத்தவளுக்கு வயிறு எரியும்.

அந்த ஆண்டு நாட்டின் பெயரே மாறியது. அதனால் இணைய முகவரிகளின் கடைசியில் வரும், நாட்டைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளையும் மாற்ற வேண்டியிருந்தது. எது வேண்டும் என்று விருப்பம் சொல்லலாம். முடிவு செய்வது, எல்லா நாடுகளுக்கும் பட்டியல் வைத்திருக்கும் சர்வதேச அமைப்பு. புதுப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் ஏற்கெனவே இன்னொரு நாட்டிடம் இருந்தன. இளையவள் வேறு இரண்டைச் சொன்னாள். "அடடா, சொல்றதுக்கே நல்லா இருக்கே!" என்று இயக்குநர் மேசையைத் தட்டினார்.

சரிபார்க்கும் வேலை மூத்தவளுக்கு வந்தது. பட்டியலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த எழுத்துகள் எப்போதோ இரண்டாகப் பிரிந்துபோன ஒரு நாட்டுடையவை. பழைய ஆவணங்களில் குழப்பம் வரக் கூடாதென்று, பல ஆண்டுகளுக்கு யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இது கிடைக்காது என்று ஒரு வரி எழுதினால் போதும். 'நல்லா மூக்கறுபடட்டும்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

ஆறு வாரத்தில் மறுப்பு வந்தது. இயக்குநர் இருவரையும் கூப்பிட்டுக் கத்தினார். இளையவள் முந்திக்கொண்டாள்.

"தப்பு என்னோடது சார். அக்காவுக்கு அன்னிக்கு ஒரே தலைவலி. நான்தான் அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கினேன்."

அத்தனையும் பொய். மூத்தவளுக்கு நன்றி வரவில்லை. நல்லவள் என்ற பெயரையும் இவளே தட்டிக்கொண்டு போகிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"தலைவலியெல்லாம் இல்ல சார். ஒதுக்கி வெச்ச எழுத்துன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன்."

வெளியே வந்ததும் இளையவள் கேட்டாள். "ஏன்க்கா சொன்னீங்க? நான் சமாளிச்சிருப்பேனே."

"அதனாலதான்டி சொன்னேன்."

மூத்தவளைச் சரிபார்க்கும் வேலையிலிருந்து தூக்கி, பழைய முகவரிகளை மூடும் பிரிவில் போட்டார்கள். இன்னும் ஐந்து வருடம்தான் பழைய எழுத்து செல்லும், அதற்குள் மாறிக்கொள்ளுங்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு விளக்க வேண்டும். இளையவளோ, பிறகு கேட்ட வேறு இரண்டு எழுத்துகள் கிடைத்த அன்று அமைச்சர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். அதை மாமியார் கூடத்தில் மாட்டினார். மூத்தவள் அந்தப் பக்கம் திரும்புவதையே விட்டாள்.

ஒரு நாள் தையல் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். இளையவள் எடுத்தாள்.

"நீங்க வேணாம்மா. அந்தப் பெரியம்மா இருப்பாங்களே, பொறுமையா சொல்வாங்க, அவங்ககிட்ட குடுங்க."

போனை நீட்டிய இளையவளின் முகம் சுருங்கிப் போயிருந்தது. "என்னை யாரும் இப்படித் தேடிக் கூப்பிட்டதே இல்லக்கா" என்றாள். குரலில் சிரிப்பில்லை.

மூத்தவள் அந்தத் தையல்காரரிடம் வேண்டுமென்றே முக்கால் மணி நேரம் பேசினாள்.