பச்சை விளக்கும் வால் நட்சத்திரமும்

தொண்ணூறுகளில் தாம்பரம் ரயில்வே காலனியில் குடியிருந்தவர்களுக்குக் கார்டு அப்பாதுரையைத் தெரியும். கோடை பிறந்ததும் நிலா இல்லாத சனிக்கிழமை ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக் கோவளத்துக்குத் தெற்கே கூட்டிப்போவார். கட்டுமரத்தில் உட்காரவைத்துப் பாறை ஓரமாகவே கொண்டுபோய், கடலின் நடுவில் நிறுத்தி, வானத்தைக் காட்டுவார். போய் வந்தவர்கள் ஒரு வாரத்துக்கு அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் முதன்முதலில் போன இரவில் நடந்த கூத்து தெரிந்தவர்கள் குறைவு.

தாம்பரம் யார்டிலிருந்து புறப்படும் சரக்கு ரயிலில் அவர் கார்டு. எஞ்சினில் டிரைவரும் உதவியாளரும் வம்பளந்துகொண்டே போகலாம். ரயிலின் கடைசியில் பிரேக் வேன் என்கிற தகரக் கூண்டில் கார்டு தனி ஆள். எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கெல்லாம் வழி விட்டுத்தான் கூட்ஸ் நகரும். தொழுப்பேட்டிலோ ஒலக்கூரிலோ பக்கத்து லைனில் ஒதுக்கிவிட்டால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். தூக்கம் வராமலிருக்க மற்ற கார்டுகள் பீடி பிடித்தார்கள். அப்பாதுரை வானத்தைப் பார்த்தார்.

முதலில் அவை வெறும் புள்ளிகள். பிறகு, ஒலக்கூர் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நிற்கும் ஒரு கூட்டம் வாரத்துக்கு வாரம் சீக்கிரமாகவே வந்து நிற்பதைக் கவனித்தார். அன்று பிடித்த கிறுக்கு. பெயர்களைத் தெரிந்துகொள்ளப் பஞ்சாங்கம் வாங்கினார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகும் வீட்டில் பஞ்சாங்கம் தொங்குவதைப் பார்த்து அவர் மனைவி ஞானம்மாள், “ஃபாதர் வீட்டுக்கு வந்தா எங்க ஒளிச்சு வைக்கப் போறீங்க?” என்று கேட்டாள். கிருத்திகை, ரோகிணி, கேட்டை என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார். தெற்கே தாழ்வாகச் சிலுவை மாதிரி நிற்கும் நான்கு நட்சத்திரங்களுக்குத் திரிசங்கு என்று பெயர் என்று தெரிந்த நாளில், யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. திண்டிவனத்தில் தண்ணீர் பிடிக்க இறங்கிய டிரைவரிடம் சொன்னார். “சரி சார், லைன் கிளியர் வந்துச்சா?” என்றார் டிரைவர்.

அப்படிப்பட்ட மனிதருக்கு, ஹாலி வால் நட்சத்திரம் வருகிறது என்று செய்தித்தாள் சொன்னால் எப்படி இருக்கும்? எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. 1986-இல் அவருக்கு நாற்பத்திரண்டு வயது. அடுத்த தடவை பார்க்க நூற்றுப் பதினெட்டு வயதுவரை இருக்க வேண்டும். காலனி முழுக்கச் சொல்லிவைத்தார்.

ஜனவரியில் மேற்கே தெரியும் என்றார்கள். பனிமூட்டம். மார்ச்சில் விடியற்காலை தெரியும் என்றார்கள். மொட்டை மாடியில் ஏறி நின்றால் யார்டு விளக்குகளின் மஞ்சள் வெளிச்சம் வானத்தில் பாதியை விழுங்கியிருந்தது. ஏப்ரலில் தெற்கே நடு இரவுக்கு வரும், அதுதான் கடைசி என்று போட்டிருந்தது. அதற்குள் காலனியில் அவரைக் கேலி செய்யாத ஆளில்லை. மாடம்பாக்கத்து ஜெயவேலுதான் ரொம்ப மோசம். அப்பன் பாட்டன் நெல் விளைத்த நிலத்தைக் கல் நட்டு மனையாக்கி, ஒரு பழைய ஜீப்பில் சுற்றிக்கொண்டிருந்த நண்பர்.

“தலையும் கெடைக்கல, வாலாவது கெடச்சுதா மச்சான்?” என்பார், ஜீப்பை நிறுத்தாமலே.

அப்பாதுரை சிரித்துவைப்பார். உள்ளுக்குள் பதைப்பு. அமாவாசை கழிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. இன்னும் நான்கைந்து நாளில் நிலா வளர்ந்து எல்லாவற்றையும் அழித்துவிடும். பிறகு இந்த ஆயுசுக்கு இல்லை.

ஞானம்மாளிடம் வாடிக்கையாக மீன் போடும் அஞ்சம்மாள்தான் வழி திறந்தாள். கூடையை இறக்கிவைத்தவள் மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

“இன்னாக்கா, வூட்டுக்காரரு பட்டப்பகல்ல மொட்ட மாடில நின்னுகினு கீறாரு? சண்டையா?”

“அதெல்லாம் இல்ல அஞ்சம்மா. வால் நட்சத்திரம் எந்தப் பக்கம் வரும்னு அளவு பாக்குறாராம்.”

“அதுவா? எங்கூட்டுக்காரு தெனிக்கும் பாத்துகினு வர்றாரே. தொடப்பத்துல மாவு பூசுனாப்ல கீதாம்.”

அப்பாதுரை செருப்புப் போடாமல் படியிறங்கி வந்தார்.

விஷயம் இதுதான். அஞ்சம்மாளின் புருஷன் தேசப்பன் கட்டுமரத்தில் மீன் பிடிப்பவன். அவர்கள் குப்பத்துக்குத் தெற்கே பாறைகள் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. பாறையைச் சுற்றி அந்தப்பக்கம் போய்விட்டால் ஊர் விளக்கோ ஓட்டல் விளக்கோ ஒன்றுகூடத் தெரியாது. மறுநாள் இரவே வரச் சொன்னான் தேசப்பன். ஒரு நிபந்தனை: பொம்பளைகள் கட்டுமரத்தில் ஏறக்கூடாது, அது குப்பத்து வழக்கம். “நான் எதுக்கு ஏறப்போறேன், எனக்கென்ன பைத்தியமா?” என்றாள் ஞானம்மாள். ஆனாலும் கூட வந்தாள். வண்டிக்கு ஜெயவேலுவின் ஜீப். கேலி செய்தவரே, “நீ மட்டும் பாத்துட்டு வந்து அளப்ப, நானும் பாக்கறேன்” என்று ஒட்டிக்கொண்டார்.

குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மெல்லிய பிறை மறைந்துகொண்டிருந்தது. காற்று தெற்கிலிருந்து வந்தது. தேசப்பன் அப்பாதுரையின் கையைப் பார்த்தான். மூன்று நிறக் கண்ணாடி வைத்த ரயில்வே கைவிளக்கு.

“இது இன்னாத்துக்கு சார்? இருட்டுதான வோணும்னே?”

“திரியைச் சின்னதா வச்சுக்கறேன். இது கையில இல்லாம இருபது வருஷமா ராத்திரியில வெளிய போனதில்ல தேசப்பா.”

முன் மரத்தில் தேசப்பனும் அப்பாதுரையும். பின் மரத்தில் தேசப்பனின் மச்சினன் குப்பனும் ஜெயவேலுவும். மரங்களைச் சேர்த்துக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த உடனேயே இடுப்புவரை நனைந்துவிட்டது. அலையைத் தாண்டும்போது மரம் செங்குத்தாக எழுந்து படாரென்று விழுந்தது. பின்னாலிருந்து ஜெயவேலுவின் குரல்: “மச்சான், நான் ஜீப்லயே இருந்திருக்கலாம்டா.” அப்பாதுரைக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர்.

அலைக்கு அப்பால் கடல் அடங்கிப்போனது. துடுப்பு விழுந்த இடத்திலெல்லாம் தண்ணீர் நீலப்பொறி கக்கியது. கையை விட்டுப் பார்த்தார். விரல்களைச் சுற்றியும் ஒளி. வலப்பக்கம் பாறைகள், தூங்கும் எருமைகள் மாதிரி கறுப்பாக. ஒவ்வொன்றின் காலடியிலும் அலை புகுந்து கொப்பளிக்கிற சத்தம். மேலே அனுஷம், கீழே கேட்டை. பிரேக் வேன் கூரை மறைக்காத வானத்தை அவர் அன்றுதான் முழுசாகப் பார்த்தார்.

பாறை முனைக்கும் தனியாக நின்ற ஒரு குட்டைப் பாறைக்கும் நடுவே இடுக்கு. அதில் ஒரு நேரத்தில் ஒரு மரம்தான் போக முடியும். தேசப்பன் அலையை எண்ணி, சட்டென்று துடுப்பு வலித்து உள்ளே நுழைந்தான். தாண்டியதும், திரும்பாமலே சொன்னான்: “அடுத்த அலை போவட்டும். அப்பாலிக்கா குப்பன வரச்சொல்லு சார். நான் கல்லப் பாத்துக்கறேன்.”

அலை போனது. அப்பாதுரை எழுந்து நிற்காத குறையாக நிமிர்ந்து, பச்சைக் கண்ணாடியைத் திருப்பி, விளக்கைத் தலைக்கு மேலே தூக்கி, இடமும் வலமுமாக நன்றாக ஆட்டினார். வண்டி கிளம்பலாம். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் செய்தது. குப்பன் புரிந்துகொண்டு மரத்தைச் செலுத்தி வந்து சேர்ந்தான். விளக்கை ஊதி அணைத்தார்.

அந்தக் கரையில், இரவில் கடலிலிருந்து விளக்கை இடவலமாக ஆட்டினால் ஒரே அர்த்தம்தான்: மரம் கவிழ்ந்தது, ஆள் தண்ணீரில், ஓடிவாருங்கள்.

கரையில் நடந்ததை ஞானம்மாள் பிற்பாடு நூறு தடவை சொல்லிக்காட்டினாள். பாறை இடுக்கு வழியாக விளக்கைக் கண்டதும் அஞ்சம்மாள் போட்ட கூச்சலில் குப்பமே எழுந்துவிட்டது. ஞானம்மாள் அவள் கையைப் பிடித்து, “அது ஆபத்து இல்ல அஞ்சம்மா, வண்டி எடுக்கச் சொல்றாரு” என்றாள். “கடல்ல இன்னாக்கா வண்டி?” என்று கையை உதறினாள் அஞ்சம்மாள். அதற்குள் நான்கு மரங்கள் அலையில் இறங்கிவிட்டன; கடலில் வலை போட்டிருந்த இன்னொன்றும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. பெண்கள் இருவரும் என்ன ஆனதோ என்று பார்க்கப் பாறைமேல் ஏறி ஓடினார்கள்.

அப்பாதுரைக்கு இது எதுவும் தெரியாது. பாறை மறைவில் இருட்டு மை மாதிரி இருந்தது. தெற்கே பார்த்து உட்கார்ந்தார். அடிவானத்தில் ஒரு மேகப் பட்டை. அது மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. திரிசங்கின் கால் ஏற்கெனவே அதற்குள் போயிருந்தது.

“சீக்கிரம், மச்சான்,” என்றார் ஜெயவேலு. குரலில் கேலி போயிருந்தது. “மேகம் வருது.”

“இரு. கண்ணு பழகணும். திரிசங்குக்கு மேல, இடது கை பக்கம்…”

ஏதோ புகை மாதிரி தெரிந்தது. தெரிந்ததா? கண்ணைக் கசக்கினார். அந்த நொடியில் பாறை முனையைச் சுற்றிக்கொண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகள் பாய்ந்தன. பாறை, தண்ணீர், ஜெயவேலுவின் திறந்த வாய் எல்லாம் வெள்ளை வெளேரென்று. வானம் கறுப்புத் துணியாகிவிட்டது.

“யார்ரா உழுந்தது? எத்தினி பேரு?” முதல் மரத்தில் நின்ற நாட்டார் கத்தினார். குப்பத்துத் தலைவர் அவர்.

“யாரும் உழல மாமா,” என்றான் தேசப்பன், திகைத்துப்போய்.

“அப்ப வெளக்க ஆட்டுனது எவன்?”

எல்லார் கண்ணும் அப்பாதுரையின் கையிலிருந்த விளக்கின்மேல் விழுந்தது. அவருக்கு அப்போதுதான் உறைத்தது. “நான்தாங்க,” என்றார். “நான் ரயில்வே கார்டு. பின்னால வர்ற மரத்தை வரச்சொன்னேன்.”

“வலைய அறுத்துப் போட்டுட்டு வந்துகீறோம்,” என்றான் ஒருவன். “ரயிலு வுட்டாராம்.”

“தப்புதாங்க. மன்னிச்சுக்குங்க. வெளக்க மட்டும் கொஞ்சம் அணைச்சீங்கன்னா…”

“வெளக்க அணைக்கறதா? கூப்ட்டவன கரை சேக்காம நாங்க திரும்புனதில்ல. கயித்தப் போடு. இழுத்துகினு போலாம்.”

நாட்டார் சொன்னால் சொன்னதுதான். தேசப்பன் தலை குனிந்துகொண்டான். கயிறு வந்து விழுந்தது. அப்பாதுரை அதைப் பிடித்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் கண்கூசி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கெஞ்சினார். நாலு மாசமாகக் காத்திருந்ததைச் சொன்னார். நூற்றுப் பதினெட்டு வயதுக் கணக்கைச் சொன்னார். யார் காதிலும் ஏறவில்லை. மேகம் எவ்வளவு தூரம் ஏறிவிட்டதென்றுகூடப் பார்க்க முடியவில்லை.

அப்போது தலைக்கு மேலே, பாறை உச்சியிலிருந்து ஞானம்மாளின் குரல் கேட்டது.

“என்னங்க, நிமிந்து பாருங்க. தொடப்பம் மாதிரியே இருக்குது. நல்லாத் தெரியுது.”

அப்பாதுரை நிமிர்ந்தார். பெட்ரோமாக்ஸ்தான் தெரிந்தது. “ஒண்ணும் தெரியலயே ஞானம்,” என்றார். அந்தக் குரலில் இருந்த ஏக்கத்தைக் கேட்டு ஜெயவேலுவே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்தது அஞ்சம்மாள். தாம்பரம் மார்க்கெட்டில் இந்த முனையில் நின்று அந்த முனைக்கு விலை சொல்லுகிற குரல் அது.

“யோவ், வெளக்க அணைங்கய்யா. மாமா, உன்னியுந்தான். உசுரு போச்சேன்னு ஓடியாந்தீங்க, அந்த மனுசன் உசுரு அங்க மேல நிக்குது. மேகம் மூடுறதுக்குள்ள அணைங்க.”

நாட்டார் பாறையைப் பார்த்தார். தேசப்பனைப் பார்த்தார். “இவகிட்ட மாட்டிகினு நீ எப்பிட்றா குடித்தனம் பண்ற?” என்றார். பிறகு தன் விளக்கின் காற்றைத் திறந்துவிட்டார். உஸ்ஸென்று அணைந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும்.

முதலில் ஒன்றுமில்லை. பச்சையும் சிவப்புமாக வட்டங்கள் மிதந்தன. “கண்ணை மூடிக்குங்க எல்லாரும்,” என்றார் அப்பாதுரை. “நான் சொல்ற வரைக்கும் தொறக்காதீங்க.” ஏழு மரங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஆடின. திட்டிக்கொண்டு வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாறைக்குள் தண்ணீர் போய்வந்தது.

“ம்.”

திறந்தார். திரிசங்கை மேகம் விழுங்கியிருந்தது. அதற்கு மேலே, மேகத்தின் விளிம்புக்கு மேலாக, சற்றே இடப்பக்கம், ஒரு வெள்ளைத் திட்டு. நடுவில் பஞ்சு மாதிரி தடித்து, ஒரு பக்கம் கலைந்து நீண்டு, மாவு பூசிய துடைப்பம்போலவே. பெரிசில்லை. நீட்டிய கையின் கட்டைவிரல் மறைத்துவிடும். அப்பாதுரையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து உப்போடு சேர்ந்தது. “அதுதான்,” என்றார். “அதுதான், அதுதான்.”

“எங்க மச்சான்?” ஜெயவேலு அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். “ஆங்… அடேயப்பா. நெசமாவே வால் இருக்குதுடா.”

“இதத்தான் தெனிக்கும் பாக்கறமே,” என்றான் வலையை அறுத்துவிட்டு வந்தவன்.

நாட்டார் மட்டும் கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “இது திரும்ப எப்ப வரும் கார்டு சார்?”

“எழுபத்தாறு வருஷம் ஆகும்.”

“நம்ம ஆருமே இருக்க மாட்டமே.”

“இருக்க மாட்டோம்.”

நாட்டார் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு மரத்தில் உட்கார்ந்தார். “கரை எங்கியும் ஓடிப் போவாது,” என்றார். “மேகம் மூடட்டும். அப்பாலிக்கா இழுத்துகினு போலாம்.”