சிவப்புக் கோடு இல்லாத தாள்

சிறிய விமானங்களைப் பழுதுபார்க்கும் இடத்தில் அலுவலக வேலை எனக்கு. பராமரிப்புக் கையேட்டுக்குத் திருத்திய பக்கம் வந்தால், கோப்பிலிருந்து பழையதை உருவிவிட்டுப் புதியதை மாட்டவேண்டும். உருவியதன் குறுக்கே சிவப்புக் கோடு போட்டுக் கிழித்துவிட வேண்டும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். கிழிக்க மனம் வராது. சாமான் பட்டியல் எழுத வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

அந்தச் சனிக்கிழமை காலை, சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மீன் கடையில் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னக்கா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா? மீன் நீந்திப் போயிடும் லா," என்றார் கடைக்காரர்.

வெட்கத்தில் தாளை மடிக்கத் திருப்பினேன். சிவப்புக் கோடு இல்லை. கீழே இருந்தது புதிய திருத்த எண். புரொப்பெல்லரின் போல்ட்டுகளை எவ்வளவு இறுக்கவேண்டும் என்ற பக்கம் அது.

முந்தின நாள் இரண்டு தாளும் ஒரே மாதிரி மேசையில் கிடந்தன. கோடு போடுவதற்கு முன்பே பொறியாளர் தம்பி வாசலில் வந்து நின்று, "அக்கா, பக்கத்த மாத்திட்டீங்களா?" என்றார். அவசரமாக ஒன்றை மாட்டி, "மாத்திட்டேன்" என்று கோப்பைக் கொடுத்தேன்.

அந்தக் கோப்பைப் பார்த்து அவர் புரொப்பெல்லரை மாட்டிய விமானம் பத்து மணிக்குப் பறக்கவேண்டும். பயிற்சி ஆசிரியரும் ஒரு மாணவியும் போகிறார்கள். மணி ஒன்பதே முக்கால்.

தொலைபேசியில் பேச எனக்கு வராது. அலுவலகத்தில்கூடச் சீட்டு எழுதித்தான் அனுப்புவேன். அன்று தம்பியை அழைத்தேன்.

"லீவு நாள்ல என்னக்கா?"

"தம்பி, பிளேன் கெளம்பிடுச்சா?"

"ஏறிட்டு இருக்காங்க. ஏன்?"

"விடாதீங்க. பக்கத்த மாத்தி வச்சிட்டேன்."

"அதான் நேத்தே சொன்னீங்களே."

"அந்த மாத்துறது இல்ல தம்பி. பழசு உள்ள இருக்கு. புதுசு என் கையில இருக்கு."

ஓடும் சத்தமும், ஆங்கிலத்தில் யாரையோ நிறுத்தச் சொல்லும் குரலும் கேட்டன. மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ரெண்டு பேரையும் எறக்கிட்டோம். அந்த நம்பரைப் படிங்க," என்றார் தம்பி மூச்சு வாங்க.

படித்தேன்.

"இன்னொரு தடவை."

படித்தேன்.

"கம்மியாத்தான் முறுக்கியிருக்கேன்," என்றார். திட்டவில்லை. "பேப்பர் நனையாம கொண்டாந்துடுங்க."

மீன் வாங்காமல் டாக்சி பிடித்து வேலையிடத்துக்குப் போனேன். மேலாளர் முன்னால் தாளை வைத்தேன். பின்பக்கத்தில் என் கையெழுத்தில் வஞ்சிரம், புளி, சின்ன வெங்காயம். அன்று சீட்டு எதுவும் எழுதவில்லை. நடந்ததை என் வாயாலேயே சொன்னேன்.