பச்சையாகிப் போன நீலக் கல்

முதலில் ஒரு விடுகதை. ஒரே அளவில் இரண்டு நீலக் கற்கள். ஒன்று எண்ணெயும் வியர்வையும் பட்டுப் பட்டுப் பச்சையாகிறது. இன்னொன்று பத்து வருஷம் ஆனாலும் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கிறது. இதில் எது போலி?

அவசரமில்லை, யோசியுங்கள். ஓசூரில் கல் நகை கோத்து, கல்லின் தரமும் பார்த்துச் சொல்கிற கடை என்னுடையது. நான் அவசரப்பட்டேன். என்னைப் போலவே கடை வைத்துத் தலைகுனிந்தவர்களுக்கு இது புரியும்.

பஞ்சில் வந்த நீலம்

கெலமங்கலத்திலிருந்து புதுமணத் தம்பதி ஒரு ஃபிரோசா மாலையோடு வந்தார்கள். ஃபிரோசா என்பது அந்த நீலக் கல்தான். பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டு ஒரு மணியைத் தேய்த்தேன். பஞ்சு நீலமானது. துளைக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு வெள்ளை. சாயம் ஏற்றிய மலிவான கல் என்று பாடம் நடத்துகிற மாதிரி விளக்கினேன். மாலையை வாங்கித் தந்த கணவர் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மாலையைப் பைக்குள் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அவரை டீ வாங்க அனுப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல அண்ணா."

கம்பெனி பஸ் வருவதற்குள்

பாகலூர் ஸ்டெல்லா ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். ஷிப்டுக்கு பஸ் வர ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு வெள்ளிப் பதக்கத்தை நீட்டினாள். ராணுவத்தில் இருக்கும் தம்பி லடாக்கில் வாங்கித் தந்ததாம். கழுத்தில் போட்டபடியே இருந்ததில், நடுவில் இருந்த நீலக் கல் பாதி பச்சையாகிவிட்டது. நான் பஞ்சை எடுக்கவில்லை. லென்ஸில் ஒரு பார்வை, அவ்வளவுதான். நிறம் மாறுகிறதென்றால் சாயம், போலி என்றேன். பஸ் ஹாரன் அடித்தது. அவள் போகாமல் நின்று கேட்டாள்: "எந்தம்பி ஏமாந்துட்டானா, இல்ல என்னை ஏமாத்திட்டானா அண்ணா?"

கல் குடித்த எண்ணெய்

எட்டு மாதம் கழித்து ஒரு கல் வியாபாரி வந்தார். பேச்சுவாக்கில் அந்தப் பதக்கத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். பஞ்சில் சாயம் வந்ததா என்றார். தேய்க்கவில்லை என்றேன். வெள்ளி கையால் அடித்ததா, கல்லில் கறுப்பு வரிகள் சற்றுப் பள்ளமாக ஓடினவா என்று கேட்டார். இரண்டுக்கும் ஆமாம். மலைப் பக்கத்துக் கைவேலை, நல்ல விலை போகும், அசல் ஃபிரோசா உடம்பு எண்ணெயைக் குடித்துப் பச்சையாவது வழக்கம் என்றார். கடைசியில் சொன்னார்: "பிளாஸ்டிக்தான் சார் அப்படியே இருக்கும்."

பாகலூரில் ஞாயிற்றுக்கிழமை

விசாரித்து ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். கற்களும் லென்ஸும் வைத்திருக்கும் பெட்டியும் கையில் இருந்தது. பதக்கம் அவளுடைய ஆறு வயது மகளின் பொம்மைக் கழுத்தில் தொங்கியது. அதைக் கழற்றி, இந்த முறை பஞ்சால் தேய்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. தம்பி விடுமுறையில் வந்தபோதுகூட அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்றாள் ஸ்டெல்லா. பிறகு அவனுக்கு போன் போட்டு என்னிடம் நீட்டினாள்: "அன்னிக்குச் சொன்னீங்களே, அதே மாதிரி தெளிவாச் சொல்லுங்க."

சொன்னேன். தம்பி முழுவதும் கேட்டான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரி சார். அக்காகிட்ட குடுங்க" என்றான்.

பொம்மையின் கழுத்து வெறுமையாகிவிட்டதே என்று குழந்தையின் முன்னால் பெட்டியைத் திறந்து வைத்தேன். எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன்.

அவள் லென்ஸை எடுத்துக்கொண்டாள்.